கணக்குக் கேட்காத சபை

பீகாரில் சட்டமன்றம் அனுமதித்ததைவிட மூன்று மடங்குவரை பணத்தை ஒரு துறை எடுத்துச் செலவழித்தது. காவல் காக்க வேண்டிய சட்டமன்றக் குழுவின் தலைவர்களாக இருந்தவர்களே பிறகு குற்றவாளிக் கூண்டில் ஏறினார்கள். 30 ஆண்டுகள் கழித்தும் அந்தக் காவல் பலப்பட்டதாகத் தெரியவில்லை.

1994-95ஆம் நிதியாண்டில் பீகார் அரசின் கால்நடைப் பராமரிப்புத் துறைக்கு ஒதுக்கப்பட்ட தொகை 75 கோடி ரூபாயைத் தொடவில்லை. அந்த ஆண்டு துறை கருவூலங்களிலிருந்து எடுத்த பணமோ சுமார் 245 கோடி. ஏதோ ஓர் ஆண்டில் நேர்ந்த கோளாறு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 1990-91லேயே சுமார் 55 கோடி ஒதுக்கீட்டுக்கு 84 கோடி செலவாகியிருந்தது. அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஆண்டு இடைவெளி அகன்றுகொண்டே போனது. மாநிலத்தின் மாடுகள் திடீரென்று பெருகிவிடவில்லை. அவற்றின் பசியும் மூன்று மடங்காகிவிடவில்லை.

மாட்டுத்தீவன ஊழல் என்றதும் நாட்டுக்கு நினைவு வருவது லாலு பிரசாத் யாதவின் முகம்தான். முதல்வர் பதவியிலிருந்து அவர் விலகியது, மனைவி ராப்ரி தேவி அதே நாற்காலியில் அமர்ந்தது, சிறை, ஜாமீன், மீண்டும் சிறை என்று அந்தக் கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. அதிகம் பேசப்படாத கதை வேறொன்று உண்டு. சட்டமன்றத்தின் அனுமதியில்லாமல் கஜானாவிலிருந்து ஒரு ரூபாயையும் எடுக்கக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 266ஆவது பிரிவு சொல்கிறது. அனுமதித்ததற்கு மேல் செலவாகியிருந்தால், அரசு மீண்டும் சபையின் முன் வந்து காரணம் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும் என்கிறது 205ஆவது பிரிவு. இரண்டு பிரிவுகளும் பீகாருக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டன. பிறகு எப்படி ஆண்டுதோறும் அனுமதித்ததற்கு மேல் பணம் வெளியே போனது? யாரும் ஏன் கேட்கவில்லை?

கேட்டவர்கள் இருந்தார்கள். தலைமைக் கணக்குத் தணிக்கையாளராக டி.என். சதுர்வேதி இருந்தபோது, 1985லேயே, பீகார் கருவூலங்கள் மாதக் கணக்குகளை உரிய நேரத்தில் அனுப்பாததைக் கவனித்து, இது முறைகேட்டின் அறிகுறியாக இருக்கலாம் என்று அப்போதைய முதல்வர் சந்திரசேகர் சிங்கை எச்சரித்தார். எச்சரிக்கை கோப்பில் சேர்ந்தது. முதல்வர்கள் மாறினார்கள். காங்கிரஸ் போய் ஜனதா தளம் வந்தது. மாதக் கணக்குகள் மட்டும் பழையபடி தாமதமாகவே வந்துகொண்டிருந்தன.

67 போலிக் கடிதங்கள்

மோசடியின் சூத்திரம் அப்படியொன்றும் நுணுக்கமானது அல்ல. மாவட்டக் கால்நடை அதிகாரி பணம் எடுக்க வேண்டுமானால் தலைமையகத்திலிருந்து ஒதுக்கீட்டுக் கடிதம் வர வேண்டும். பிறகு சப்ளையர் தந்த பில் வேண்டும். இரண்டையும் பார்த்துக் கருவூல அதிகாரி பணம் கொடுப்பார். ஒதுக்கீட்டுக் கடிதத்தையே போலியாகத் தயாரித்துவிட்டால்? சாய்பாசா கருவூலம் தொடர்பான ஒரு வழக்கில் 67 போலிக் கடிதங்களைக் காட்டி 33.67 கோடி ரூபாய் எடுக்கப்பட்டது தெரியவந்தது. உண்மையான ஒதுக்கீடு 7.10 லட்சம். வராத தீவனத்துக்கு பில், இல்லாத மருந்துக்கு பில், பிறக்காத கன்றுக்குக்கூட செலவு எழுதக்கூடிய ஏற்பாடு. கொள்ளையில் சப்ளையருக்கு ஒரு பங்கு, அதிகாரிக்கு ஒரு பங்கு, மேலே ஒரு பங்கு.

போக்குவரத்துச் செலவு பில்களில்தான் தயாரித்தவர்களின் அலட்சியம் பல்லை இளித்தது. ஹரியானாவிலிருந்தும் டெல்லியிலிருந்தும் காளைகள் ராஞ்சிக்குக் கொண்டுவரப்பட்டதாகக் கணக்கு. ஏற்றிவந்த வாகனங்களின் பதிவு எண்களைச் சரிபார்த்தபோது அவற்றில் ஸ்கூட்டர்களும் மோட்டார் சைக்கிள்களும் இருந்தன. லாரி எண் ஒன்றைத் தேடிப்பிடித்து எழுதும் சிரமத்தைக்கூட யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவரும் படிக்கப்போவதில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தவர்கள்தான் இப்படிப்பட்ட பில்லை எழுதுவார்கள்.

அவர்களுடைய கணிப்பு பல ஆண்டுகள் சரியாகவே இருந்தது. கடைசியில் மோசடி வெளிவந்தது சட்டமன்றத்தால் அல்ல. 1996 ஜனவரியில் மாநில நிதித்துறைச் செயலாளர் வி.எஸ். துபே, கால்நடைத் துறை அளவுக்கு மீறிப் பணம் எடுப்பதை விசாரிக்கும்படி மாவட்ட அதிகாரிகளுக்கு உத்தரவிட்டார். மேற்கு சிங்பூம் மாவட்ட டெபுடி கமிஷனராக இருந்த அமித் கரே, ஜனவரி 27ஆம் தேதி சாய்பாசாவில் கால்நடைத் துறை அலுவலகங்களில் சோதனை நடத்தினார். அங்கே சிக்கிய காகிதங்கள்தான் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டன. சுஷில் குமார் மோடி, சரயு ராய், சிவானந்த் திவாரி முதலிய அரசியல்வாதிகள் பொதுநல வழக்கோடு பாட்னா உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். மார்ச் 11ஆம் தேதி உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது. எட்டே நாளில், மார்ச் 19ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை உறுதி செய்தது. மொத்தக் கொள்ளை சுமார் 950 கோடி ரூபாய் என்று கணக்கிடப்பட்டது.

ஒரு செயலாளர், ஒரு மாவட்ட அதிகாரி, இரண்டு நீதிமன்றங்கள். இந்தப் பட்டியலில் சபை இல்லை.

குழுவின் தலைவர்கள்

சபைக்கென்று ஒரு கண் இருக்கிறது. அதன் பெயர் பொதுக்கணக்குக் குழு. பிரிட்டனில் 1861ல் கிளாட்ஸ்டன் காலத்தில் தோன்றி, 1921ல் இந்தியாவுக்கு வந்த ஏற்பாடு. தணிக்கை அறிக்கை சபையில் வைக்கப்பட்டதும் இந்தக் குழு அதைப் பிரித்துப் படிக்கும். துறைச் செயலாளர்களை அழைத்து உட்காரவைத்துக் கேள்வி கேட்கும். ஆளுங்கட்சி தன் கணக்கைத் தானே சரிபார்த்துக்கொண்டால் நன்றாக இருக்காது என்பதால் தலைவர் பதவியை எதிர்க்கட்சிக்குக் கொடுப்பது மரபு. நாடாளுமன்றத்தில் 1967லிருந்து இந்த மரபு தொடர்கிறது. பல மாநிலங்களும் பின்பற்றுகின்றன.

பீகாரிலும் மரபு மீறப்படவில்லை. குழுவின் தலைவராக இருந்த ஜகதீஷ் சர்மா அப்போது காங்கிரஸ்காரர். கோசி தொகுதியில் பலமுறை வென்றவர். அதே பதவியில் இருந்த இன்னொருவர் பாரதிய ஜனதா கட்சியின் துருவ் பகத். ஜனதா தள அரசின் கணக்கைக் கேட்கத் தகுதியான எதிர்க்கட்சிக்காரர்கள் என்று காகிதத்தில் தெரிந்தவர்கள்.

2013 செப்டம்பர் 30ஆம் தேதி ராஞ்சி சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் சாய்பாசா வழக்கு ஒன்றில் 45 பேரைக் குற்றவாளிகள் என்று அறிவித்தது. லாலு பிரசாத், காங்கிரஸ் முன்னாள் முதல்வர் ஜகந்நாத் மிஸ்ரா ஆகியோரோடு சர்மாவும் பகத்தும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். லாலுவும், அதற்குள் ஐக்கிய ஜனதா தளத்துக்கு மாறியிருந்த சர்மாவும் தங்கள் மக்களவை இடங்களை இழந்தார்கள். (2017ல் தேவ்கர் கருவூல வழக்கில் பகத்தும் மிஸ்ராவும் விடுவிக்கப்பட்டதையும் சொல்ல வேண்டும். லாலு தன் தண்டனைகளை எதிர்த்து மேல்முறையீடு செய்தார். மிஸ்ரா 2019ல் காலமானார்.)

ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பிரிவினை கொள்ளைக்குத் தடையாக இல்லை என்பது ஒரு பக்கம். அதைவிட விஷமமான இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு விஷயம் பொதுக்கணக்குக் குழுவின் பரிசீலனையில் இருக்கிறது என்றாலே, வேறு யாரும் அதைத் தொடக்கூடாது என்று வாதாட ஒரு வழி பிறக்கிறது. குழு பார்த்துக்கொண்டிருக்கும்போது லஞ்ச ஒழிப்புப் போலீஸ் எதற்கு என்ற சாக்கைச் சொல்லி கால்நடைத் துறை மீதான மற்ற விசாரணைகள் முடக்கப்பட்டன என்பது அரசுத் தரப்புக் குற்றச்சாட்டுகளில் ஒன்று. திருடனைப் பிடிக்க வைத்த நாய் குரைக்காமல் இருந்தது மட்டுமல்ல, மற்ற நாய்களையும் குரைக்கவிடவில்லை என்றாகிறது.

இது ஊழல் மனிதர்கள் சிலரின் கதை என்று முடித்துவிடுவது சுலபம். நல்ல மனிதர்கள் உட்கார்ந்தாலும் குழுவின் வேகம் தணிக்கை அறிக்கையின் வேகத்தைத் தாண்டாது. செலவு நடந்து, கணக்கு முடிந்து, தணிக்கையாளர் எழுதி, துறையின் பதிலுக்குக் காத்திருந்து, அச்சாகி, ஆளுநருக்குப் போய், சபைக்கு வந்து, குழுவின் மேஜையில் முறை வரும்போது சம்பந்தப்பட்ட அதிகாரி பென்ஷன் வாங்கிக்கொண்டிருப்பார். எதிரே உட்கார்ந்து பதில் சொல்பவர் அந்தத் துறைக்கு மூன்று மாதத்துக்கு முன் மாற்றலாகி வந்தவராக இருப்பார். கூட்டம் மூடிய கதவுக்குள் நடக்கும். பிரிட்டனில் இதே குழு பத்திரிகையாளர்கள் முன்னிலையில் அதிகாரிகளை வறுத்தெடுக்கிறது. இங்கே உறுப்பினருக்கு அதில் புகழும் இல்லை, ஓட்டும் இல்லை. தொகுதிக்கு ஒரு பாலம் வாங்கித் தந்தால் வாக்காளர் நினைவில் வைத்திருப்பார். 1,200 வவுச்சர்களைப் புரட்டினேன் என்று எந்த எம்.எல்.ஏ. மேடையில் பேசுவார்?

அறிக்கை எங்கே?

குழு விழித்திருந்தாலும் அறிக்கை சபைக்கு வந்தாக வேண்டும். தணிக்கை அறிக்கை ஆளுநரிடம் தரப்பட வேண்டும், அவர் அதைச் சட்டமன்றத்தில் வைக்கச் செய்ய வேண்டும் என்று 151ஆவது பிரிவு சொல்கிறது. எத்தனை நாளுக்குள் என்று அது சொல்லவில்லை. இந்தச் சின்ன ஓட்டை வழியாக எவ்வளவு பெரிய யானையும் போகலாம் என்பதற்குத் தலைநகரே சாட்சி. டெல்லியில் ஆம் ஆத்மி அரசின் காலத்தில் 14 தணிக்கை அறிக்கைகள் சபையின் முன் வைக்கப்படாமல் கிடந்தன. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த பாரதிய ஜனதாவின் விஜேந்தர் குப்தாவும் அவரது கட்சிக்காரர்களும் நீதிமன்றம் போனார்கள். 2025 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் தாமதத்தைக் கண்டித்தது. ஆனால் சபையைக் கூட்டச் சொல்லி உத்தரவிட மறுத்துவிட்டது. பிப்ரவரியில் ஆட்சி மாறியது, குப்தா சபாநாயகரானார், அதே மாதம் 25ஆம் தேதி முதல் அறிக்கை சபைக்கு வந்தது. மதுக் கொள்கையால் அரசுக்குச் சுமார் 2,000 கோடி ரூபாய் இழப்பு என்றது அது. டெல்லி வாக்காளர்கள் தேர்தலில் ஓட்டுப்போட்டபோது அந்தப் பக்கங்கள் அவர்களுடைய பிரதிநிதிகளின் கைக்குக்கூட வந்திருக்கவில்லை. தணிக்கை அறிக்கை வெளிவருவதற்கே ஆட்சி மாற வேண்டும் என்றால், ஆட்சியில் இருப்பவரைக் கட்டுப்படுத்த அது எதற்குப் பயன்படும்?

வந்த அறிக்கையைப் படிக்க சபைக்கு நேரம் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. சட்டமன்றங்களைக் கவனித்துவரும் பி.ஆர்.எஸ். அமைப்பின் கணக்குப்படி 2024ல் மாநிலச் சட்டமன்றங்கள் கூடியது சராசரியாக 20 நாள். பட்ஜெட், மசோதா, இரங்கல் தீர்மானம், வெளிநடப்பு எல்லாம் இந்த 20 நாளுக்குள் அடக்கம். துறைவாரி மானியக் கோரிக்கைகளில் சிலவற்றை மட்டும் விவாதித்துவிட்டு, மிச்சத்தைக் கடைசி நாள் மாலை மொத்தமாகக் கை தூக்கி நிறைவேற்றுவது பல சபைகளின் வழக்கம். பிரெஞ்சுப் புரட்சியின் கொலைக் கருவியான கில்லட்டினின் பெயரைத்தான் அந்தச் சடங்குக்கு வைத்திருக்கிறார்கள். 2023ஆம் ஆண்டு முழுவதிலும் ஒரு அறிக்கையைக்கூட சபையில் வைக்காத பொதுக்கணக்குக் குழுக்கள் ஐந்து மாநிலங்களில் இருந்தன என்கிறது அதே அமைப்பு. ஐந்தில் ஒன்று பீகார்.

பழைய மாநிலம், புதிய எண்கள்

2025 ஜூலையில் பீகார் சட்டமன்றத்தின் மழைக்காலக் கூட்டத்தொடர் ஐந்து நாள் நடந்தது. நவம்பர் தேர்தலுக்கு முன் கடைசித் தொடர். வாக்காளர் பட்டியல் திருத்தம் பற்றிய கூச்சலில் சபை மூழ்கியிருந்தபோது, 24ஆம் தேதி 2023-24ஆம் ஆண்டுக்கான மாநில நிதி தணிக்கை அறிக்கை வைக்கப்பட்டது. அதில் இருந்த ஒரு எண் 70,877 கோடி ரூபாய். பல்வேறு பணிகளுக்காகக் கொடுக்கப்பட்டு, அதற்காகத்தான் செலவானது என்ற பயன்பாட்டுச் சான்றிதழ் வராமல் நின்ற தொகை அது. வரவேண்டிய சான்றிதழ்கள் 49,649. பஞ்சாயத்து ராஜ் துறையில் மட்டும் 28,000 கோடிக்கு மேல், கல்வியில் 12,600 கோடிக்கு மேல், நகர்ப்புற வளர்ச்சியில் 11,000 கோடிக்கு மேல். பணம் கொடுத்த 18 மாதத்துக்குள் சான்றிதழ் தர வேண்டும் என்பது மாநிலத்தின் சொந்த கருவூல விதி.

சான்றிதழ் வராததால் பணம் திருடப்பட்டது என்று அர்த்தமல்ல. பள்ளிக்கூடம் கட்டி முடிந்திருக்கலாம், எழுதி அனுப்ப வேண்டிய குமாஸ்தா மாற்றலாகிப் போயிருக்கலாம். 1990களின் பீகாரோடு இதை அப்படியே ஒப்பிடுவது நியாயமாகாது. கருவூலங்கள் இப்போது கம்ப்யூட்டர் வலையில் இணைந்திருக்கின்றன. போலி ஒதுக்கீட்டுக் கடிதத்தை நீட்டிப் பணம் வாங்கிப் போவது அன்றுபோல் எளிதல்ல. ஆனால் பணம் உரிய காரியத்துக்குப் போயிற்று என்று உறுதி சொல்ல முடியவில்லை, கையாடலுக்கும் வேறு வழியில் திருப்பிவிடுவதற்கும் இடமிருக்கிறது என்று தணிக்கையாளர் எழுதுகிறார். 1985ல் வந்த எச்சரிக்கையும் ஏறக்குறைய இதேதான்.

அவசரச் செலவு என்று விவர பில் இல்லாமல் முன்பணமாக எடுத்து, கணக்குக் காட்டப்படாமல் நின்ற தொகை தனி. அது 9,205 கோடி ரூபாய். ஆறு மாதத்துக்குள் விவரம் தந்துவிட வேண்டும் என்பது அதற்கான விதி.

அதே அறிக்கையில் இன்னொரு விசித்திரமும் கிடைக்கிறது. 2023-24க்கு ஆண்டுத் தொடக்கத்தில் வைக்கப்பட்ட பட்ஜெட் சுமார் 2.62 லட்சம் கோடி. போதாது என்று அரசு துணை மதிப்பீடுகளோடு வந்தது. சபை அனுமதித்தது. மொத்தம் சுமார் 3.26 லட்சம் கோடி ஆயிற்று. ஆண்டு முடிவில் உண்மையில் செலவானது 2.60 லட்சம் கோடி. முதலில் கேட்டதே செலவாகவில்லை, ஆனாலும் மேலும் கேட்டார்கள், கிடைத்தது. அன்று சபை கொடுத்ததைவிட மூன்று மடங்கு எடுத்தார்கள். இப்போது தேவைக்கு மிஞ்சி வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே சபையின் ஓட்டை ஒரு சம்பிரதாயமாக நினைப்பவர்கள் செய்யும் காரியம்தான். செலவாகாத தொகையையாவது நிதியாண்டு முடிவதற்குள் ஒப்படைத்திருந்தால் வேறு துறைக்குப் பயன்பட்டிருக்கும். அதிலும் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ஒப்படைக்கப்பட்டது.

இது பீகார்க்காரர்களின் தலைவலி என்று மற்ற மாநிலத்தவர் பக்கத்தைத் திருப்பிவிட முடியாது. பீகார் அரசின் வருவாயில் பெரும்பகுதி மத்திய அரசிடமிருந்து வருகிறது. மாநிலங்களுக்குப் பிரித்துத் தரப்படும் மத்திய வரிகளில் 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை பீகாருக்கு ஒதுக்கிய பங்கு சுமார் 10 சதவீதம். உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்தபடியாக அதுதான் பெரியது. ஏழை மாநிலத்துக்கு அதிகம் போக வேண்டும் என்பதில் தகராறில்லை. பள்ளியும் சாலையும் ஆஸ்பத்திரியும் அங்கேதான் குறைவு. ஆனால் சூரத்திலும் கோவையிலும் பேரம் பேசித் துணி வாங்கியவர் கட்டிய வரி கயாவின் ஒரு பஞ்சாயத்துக்குப் போய் என்ன ஆயிற்று என்று கேட்கும் அதிகாரம் சூரத் எம்.எல்.ஏ.வுக்கோ கோவை எம்.எல்.ஏ.வுக்கோ கிடையாது. பாட்னாவில் உட்கார்ந்திருக்கும் 243 பேருக்குத்தான் உண்டு. அவர்கள் கேட்காவிட்டால் அந்தக் கேள்வி கேட்கப்படாமலே போகும்.

கேட்க வைப்பதற்கு அரசியல் சட்டத்தைத் தலைகீழாகப் புரட்ட வேண்டியதில்லை. அறிக்கை ஆளுநரிடம் வந்த நாளிலிருந்து அடுத்த கூட்டத்தொடரின் முதல் வாரத்துக்குள் சபையில் வைக்க வேண்டும் என்று ஒரு விதி போதும். குழுவின் விசாரணையைப் பத்திரிகைகள் பார்க்கவிடலாம். குழு பார்க்கிறது என்பது போலீஸ் விசாரணைக்குத் தடையாகாது என்று எழுதிவைக்கலாம். இவற்றுக்குப் பணம் செலவில்லை. ஆனால் இன்றைய எதிர்க்கட்சி நாளைய ஆளுங்கட்சி. தானே பிறகு மாட்டிக்கொள்ளக்கூடிய பொறியை இன்று செய்துவைக்க எந்தக் கட்சிக்கும் ஆசை வராது. டெல்லியில் அறிக்கைக்காக நீதிமன்றம்வரை போன கட்சி, தான் ஆளும் மாநிலங்களில் அப்படி ஒரு காலக்கெடுவுக்காகக் குரல் எழுப்பியதாகத் தெரியவில்லை. அதன் எதிரிகளும் எழுப்பவில்லை.

பாட்னாவில் ஜூலை 24ஆம் தேதி வைக்கப்பட்ட அறிக்கை முறைப்படி பொதுக்கணக்குக் குழுவுக்குப் போக வேண்டியது. சான்றிதழ் வராத 70,877 கோடியில் 14,452 கோடி ரூபாய் 2016-17ஆம் ஆண்டுக்கும் அதற்கு முன்புக்கும் உரியது. அந்தப் பணத்தைக் கையெழுத்திட்டு வாங்கிய அதிகாரிகளில் பலர் இதற்குள் ஓய்வு பெற்றிருப்பார்கள். குழு அந்தப் பக்கத்துக்கு வரும்போது மீதிப் பேரும் பெற்றிருப்பார்கள்.